2சி குலுக்கல்: பேர்போன ஸ்கூலா, எதிர்ல இருக்கிற ஸ்கூலா? பொங்கோல், செங்காங் பக்கம் இருக்கிறவங்க சொல்லுங்க

பொங்கோல்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு அடுத்த ஜனவரில பிரைமரி ஒன், அதாவது ஒண்ணாம் வகுப்பு போறா. ஸ்கூல்கூட எந்தத் தொடர்பும் இல்லாத எங்களை மாதிரி ஆளுங்க பதிவு செய்யற 2சி கட்டம் ஆரம்பிக்க பத்து நாள் கூட இல்ல, வீட்ல தினமும் இதே பேச்சுதான், சாப்பிட உட்கார்ந்தாலும் இதான். எங்களுக்கு ரெண்டு ஸ்கூல் தோது. ஒண்ணு பேர்போனது, பேரு இங்க வேணாம், அரசாங்க வரைபடத் தளமான ஒன்மேப்ல தட்டிப் பார்த்தா 1 கிலோமீட்டருக்குள்ளதான் காட்டுது, ஆனா நடந்தா இருபது நிமிஷம், நடுவுல பெரிய ரோடு ஒண்ணு தாண்டணும். இன்னொண்ணு எங்க பிளாக்குக்கு எதிர்லயே இருக்கு, காலைல சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தா பிள்ளைங்க தேசிய கீதம் மஜுலா சிங்கப்பூரா பாடுறது கேக்கும்.

போன வருஷம் பேர்போன ஸ்கூல்ல 2சி-ல 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கிற சிட்டிசன் பிள்ளைங்களுக்கே குலுக்கல் நடந்திருக்கு. எதிர்ல இருக்கிற ஸ்கூல்ல குலுக்கலே இல்லாம எல்லாருக்கும் கிடைச்சுது. வீட்டுக்காரர் சிட்டிசன், நான் பிஆர் (நிரந்தரவாசி), பொண்ணு இங்கயே பிறந்த சிட்டிசன். அவரு பேர்போனதுக்குத்தான் போடணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். எனக்கு மனசு ரெண்டா கிடக்கு. போட்டுக் கிடைக்கலைன்னா என்ன ஆகும், அதை அனுபவிச்சவங்க சொன்னா உதவியா இருக்கும்.

தெம்பனிஸ்_வாசு:
அக்கா, முதல்ல கணக்கைப் பார்ப்போம். முதல் கட்டத்துல அண்ணன் அக்கா அங்க படிக்கிற பிள்ளைங்க எல்லாருக்கும் இடம் உறுதி. அடுத்து 2ஏ, அப்பா அம்மா அந்த ஸ்கூல்ல படிச்சவங்க, அங்க வேலை பார்க்கிறவங்க பிள்ளைங்க, அப்புறம் ஸ்கூல் வளாகத்துலயே இருக்கிற கல்வி அமைச்சு பாலர் பள்ளில படிச்ச பிள்ளைங்க. 2பி வாலண்டியர், சர்ச், குலமரபுச் சங்கம், சமூகத் தலைவர்கள். இது எதுலயும் சேராத நம்மள மாதிரி ஆளுங்களுக்குத்தான் 2சி. 2022-லேருந்து ஒவ்வொரு ஸ்கூல்லயும் 60 இடத்தை ஒதுக்கி வைக்கிறாங்க, அதுல 20 2பி-க்கு, 40 2சி-க்கு. அதுக்கு முன்னாடி ரெண்டுக்கும் இருபது இருபதுதான். 2ஏ முடிஞ்சு அதுக்கு மேல இடம் மிஞ்சினா அதையும் மூணுல ஒரு பங்கு 2பி-க்கு, ரெண்டு பங்கு 2சி-க்குன்னு பிரிக்கிறாங்க. அதனால எவ்வளவு பெரிய ஸ்கூலா இருந்தாலும் நமக்குன்னு 40 இடமாவது இருக்கும்.

இன்னொண்ணு, முதல் நாள் காலைல 9 மணிக்கு அலாரம் வச்சு அரசாங்க லாகின் சிங்பாஸ்ல நுழையணும்னு பதறாதீங்க. கடைசி நாள் சாயந்திரம் 4.30-க்குள்ள எப்ப போட்டாலும் ஒண்ணுதான், முந்தி வந்தவங்களுக்கு முன்னுரிமைன்னு எதுவும் கிடையாது. சிட்டிசனா பிஆரா, அப்புறம் தூரம், அதுக்கும் மேல ஆள் இருந்தா குலுக்கல். நான் போன தடவை ஆஃபீஸ்ல லீவ் போட்டுட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தேன், தேவையே இல்லாத வேலை.

ஆனா ஒரு கேள்வி. ரெண்டு ஸ்கூல்லயும் தமிழ் இருக்கான்னு பார்த்தீங்களா?

கோமதி_பீஷான்:
வாசு கேட்டதுதான் முதல் கேள்வியா இருக்கணும். ஆனா நான் சொல்ல வந்தது வேற. பேர்போன ஸ்கூலுக்காக நான் 2பி-ல வாலண்டியரா போனவ. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ஜூலை 1-க்குள்ள ஸ்கூல் நம்மளை ஏத்துக்கணும், அடுத்த ஜூன் முடியறதுக்குள்ள 40 மணி நேரம் செஞ்சு முடிக்கணும். காலைல 7 மணிக்கு மஞ்ச ஜாக்கெட் போட்டு கேட்ல கார் நிறுத்துற இடத்துல கதவைத் திறந்துவிட்டு பிள்ளைங்களை இறக்கிவிட்டிருக்கேன், லைப்ரரில புக்குக்கு எல்லாம் பிளாஸ்டிக் அட்டை போட்டிருக்கேன், இன நல்லிணக்க நாளுக்கு கேண்டீன் ஓரமா தரையில உட்கார்ந்து சின்னப் பிள்ளைங்களுக்கு புள்ளிக் கோலம் சொல்லிக் கொடுத்தேன், ஒரு சீனப் பையன் எழுந்து போகவே மாட்டேன்னுட்டான், கை எல்லாம் பச்சைக் கலர். கைக்குழந்தையை மாமியார்கிட்ட விட்டுட்டுப் போய் செஞ்சதுதான் அவ்வளவும். 43 மணி நேரம் ஆச்சு.

2பி-லயும் தூரம்தான் பார்க்கிறாங்க. எங்க வீடு 2 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல. பக்கத்துல இருந்தவங்க எண்ணிக்கையிலயே இடம் முடிஞ்சிடுச்சு, எங்க பேரு குலுக்கலுக்கே போகல. 40 மணி நேரம் செஞ்சா இடம் உறுதின்னு எங்கயும் எழுதலைதான், ஆனா சேரும்போதே தூரத்தைக் கேட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த ஒரு வருஷத்தை என் பிள்ளைகூட இருந்திருப்பேன். அந்த ஆதங்கம் இன்னும் போகல. யாராச்சும் வாலண்டியர் பண்ண நினைச்சா முதல்ல ஒன்மேப்ல தூரத்தைப் பாருங்க, அமைச்சு தளத்துல போன வருஷம் 2பி-ல எந்தத் தூரத்துக்குக் குலுக்கல் நடந்துச்சுன்னு போட்டிருப்பாங்க, அதையும் பாருங்க, அப்புறம் ஜாக்கெட் போடுங்க.

ராஜா_உட்லண்ட்ஸ்:
நாங்க குடும்பமே பிஆர். எங்க நிலைமையையும் சொல்றேன், புதுசா வர்றவங்களுக்குத் தெரியட்டும். 2சி-ல சிட்டிசன் பிள்ளைங்க அத்தனை பேருக்கும் கொடுத்து மிச்சம் இருந்தாத்தான் பிஆர். ஸ்கூல் வாசல்லயே வீடு இருந்தாலும் 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சிட்டிசன் பிள்ளைக்கு அப்புறம்தான் நம்ம பிள்ளை. சில ஸ்கூல்கள்ல பிஆர் பிள்ளைங்களுக்கு உச்சவரம்பும் வச்சிருக்காங்க, அந்தப் பட்டியல் அமைச்சு தளத்துல வரும். அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல, எந்த ஊரும் தன் பிள்ளைங்களுக்கு முதல்ல கொடுக்கும். ஆனா இது தெரியாம என் நண்பர் ஒருத்தர் பேர்போன ஸ்கூலுக்குப் பக்கத்துல மாசம் கூட ஆயிரம் வெள்ளி கொடுத்து வாடகைக்குப் போனார். கிடைக்கல. டிபென்டன்ட் பாஸ்ல (வேலைக்கு வந்தவங்க குடும்பத்துக்கான அனுமதி) இருக்கிறவங்களுக்கு இன்னும் கஷ்டம், அவங்களுக்கு கடைசில 3-வது கட்டம்தான், அதுலயும் இடம் கிடைக்கும்னு உறுதி இல்ல. அதுல விட்டா வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கான ஏஇஐஎஸ் தேர்வு எழுதி ரெண்டாம் வகுப்புலேருந்துதான் நுழையணும்.

வாடகை வீடு, முகவரின்னு பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். தூரத்தைக் காட்டி இடம் வாங்கினா பதிவு தொடங்கின நாள்லேருந்து 30 மாசம் அந்த வீட்ல உண்மையாவே குடியிருக்கணும். ஐசில (அடையாள அட்டை) மட்டும் முகவரியை மாத்திட்டு வேற இடத்துல இருந்து மாட்டினா பிள்ளையை அந்த ஸ்கூல்லேருந்து எடுத்து இடம் இருக்கிற வேற ஸ்கூலுக்கு மாத்திடுவாங்க, போலீஸ் வரைக்கும் போகும். நடு வருஷத்துல சிநேகிதங்களை விட்டுட்டுப் போற பிள்ளையை நினைச்சுப் பாருங்க.

பொங்கோல்_அம்மா:
நன்றி எல்லாருக்கும். கோமதி அக்கா, படிக்கும்போதே மனசு கனத்துப் போச்சு.

வாசு கேட்டதுக்கு, ஆமாம் ரெண்டுலயும் தமிழ் இருக்கு, அமைச்சு தளத்துல ஸ்கூல் தேடற பக்கத்துல தாய்மொழி வரிசைல பார்த்தேன். முதல்ல மூணாவதா ஒரு ஸ்கூல் பேரும் வீட்டுக்காரர் சொன்னார், அது சாப் ஸ்கூல், அங்க தாய்மொழின்னா சீனம் மட்டும்தான்னு தெரிஞ்சதும் விட்டுட்டோம்.

அவரு ஏன் இவ்வளவு பிடிவாதமா இருக்கார்னா, அவரு ஊர்ல அஞ்சாவது வரைக்கும் ஒத்த வாத்தியார் பள்ளிக்கூடம். ஆறாவதுக்கு டவுன் ஸ்கூல் போனப்ப மத்த பிள்ளைங்க கூட ஓடவே முடியலயாம், ஒரு வருஷம் வகுப்புல வாயே திறக்கலயாம். என் பொண்ணு அப்படி நிக்கக்கூடாதுன்னு சொல்லும்போது அவரு குரலே மாறிடும். அதுக்கு மேல நான் என்ன பேச முடியும் சொல்லுங்க.

ஹமீது_ஈசூன்:
தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் சொல்றது நியாயமான பயம். ஆனா அவரு மனசுல இருக்கிற அந்த ஒத்த வாத்தியார் பள்ளிக்கும் இங்க இருக்கிற சாதாரண ஸ்கூலுக்கும் சம்பந்தமே இல்ல, அதைப் பொறுமையா எடுத்துச் சொல்லுங்க. நான் இங்கயே பிறந்து வளர்ந்தவன், ரெண்டு பிள்ளைங்களும் வீட்டுப் பக்கத்து ஸ்கூல்தான், பெரியவன் இப்ப பாலிடெக்னிக் முடிச்சுட்டான். ஆசிரியர்களை அமைச்சுதான் நியமிக்குது, ஒரு ஸ்கூல்லேருந்து இன்னொண்ணுக்கு மாறிக்கிட்டும் இருக்காங்க. பாடத்திட்டம் ஒண்ணு, ஒண்ணாம் ரெண்டாம் வகுப்புல வகுப்புக்கு 30 பிள்ளைங்கதான், எங்க போனாலும் அதான். ஹெங் சுவீ கியெட் கல்வி அமைச்சரா இருந்தப்ப எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளின்னு சொன்னாங்க, அதை முழுசா நம்பச் சொல்லல, வசதில வித்தியாசம் இருக்கு, பழைய மாணவர் சங்கம் பணக்காரச் சங்கமா இருந்தா நீச்சல் குளம் வரைக்கும் வரும். ஆனா ஏழு வயசுப் பிள்ளைக்கு அ ஆ சொல்லிக் கொடுக்கிறதுல அந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொண்ணு, மேதை பிள்ளைகள் திட்டத்தை நினைச்சுத்தான் பல பேர் அது நடந்த ஒன்பது ஸ்கூல் பின்னாடி ஓடினாங்க. இப்ப அதையே மாத்தறாங்க, 2024-ல பிரதமர் தேசிய தினப் பேரணில சொன்னாரு, இனி அந்த மாதிரிப் பாடம் எல்லா ஸ்கூல்லயும் நடக்கும். ஆறாம் வகுப்பு முடிவுல எழுதுற பிஎஸ்எல்இ தேர்வுலயும் 2021-லேருந்து ஒவ்வொரு மார்க்குக்கும் பிள்ளைங்களை வரிசைல நிறுத்துறதில்ல, பட்டையா பிரிச்சு ஏஎல்னு போடறாங்க.

நான் பார்க்கச் சொல்றது தமிழ் வகுப்பை. தமிழ் இருக்குன்னு தளத்துல போட்டிருந்தா மட்டும் போதாது. எத்தனை தமிழ்ப் பிள்ளைங்க, எத்தனை தமிழ் ஆசிரியர், எல்லா வருஷமும் உள்ளயே நடக்குதா இல்ல ஸ்கூல் விட்டப்புறம் வேற இடத்துக்குப் போகணுமான்னு ஆஃபீஸ்ல ஃபோன் போட்டுக் கேளுங்க. என் மகளோட வகுப்பு நேரத்துல நாலு வகுப்புலேருந்து தமிழ்ப் பிள்ளைங்க பையைத் தூக்கிட்டு ஒரு ரூமுக்கு வருவாங்க, மொத்தம் பதினொரு பேர். அந்த பதினொரு பேரும் இன்னைக்கு வரைக்கும் ஒரே வாட்ஸ்அப் குரூப்ல இருக்காங்க, தமிழ்லயே பேசிக்கிறாங்க. எனக்கு அது போதும்.

நித்யா_செங்காங்:
ஹமீது பாய் சொன்னதுல பாதி ஒத்துக்கறேன், பாதி ஒத்துக்க முடியல. பேர்போன ஸ்கூல் எல்லாம் நமக்கு எதுக்குன்னு நாமே ஒதுங்கிக்கிட்டா அந்த ஸ்கூல் என்னைக்கும் பழைய மாணவர் பிள்ளைங்களுக்கே இருக்கும். 2ஏ-ல வர்றவங்க எல்லாம் அப்பா அம்மா படிச்ச பாத்தியதைல வர்றாங்க, ஊர்லேருந்து வந்த நமக்கு அந்தப் பாத்தியதை எங்கேருந்து வரும்? 2சி-ல வைக்கிற 40 இடமும் நம்ம மாதிரி குடும்பத்துக்குத்தான், அதையும் நாம போடலைன்னா எப்படி. என் பையனுக்குக் குலுக்கல்ல கிடைச்சுது, அங்க இருக்கிற ரோபாட்டிக்ஸ் லேப்புல சனிக்கிழமையும் போய் உட்கார்ந்திருக்கான். அடுத்து என் பொண்ணு முதல் கட்டத்துலயே அண்ணன் பேர்ல போயிடுவா, கவலையே இல்ல. முதல் பிள்ளைக்கு எடுக்கிற முடிவு எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்து எடுக்கிறதுதான், அதை மறக்காதீங்க.

ரெண்டு பேரும் வேலைக்குப் போயி தாத்தா பாட்டிதான் பிள்ளையைப் பார்த்துக்கிறாங்கன்னா, முறையா அறிக்கை கொடுத்து அவங்க முகவரியையும் காட்ட வழி இருக்கு, ஆனா பிள்ளை உண்மையாவே அங்க வளரணும். எங்களுக்கு அந்த பாக்கியம் இல்ல, மாமியார் மதுரைல.

தெம்பனிஸ்_வாசு:
நித்யா சிஸ், நீங்க சொல்ற உரிமைப் பேச்சு எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா போட்டுப் பார்க்கிறதுல இழப்பு இல்லைன்னு யாரும் நினைக்கக்கூடாது. 2சி-ல ஒரு ஸ்கூலுக்குத்தான் போட முடியும். அங்க தோத்தா அடுத்தது 2சி துணைக் கட்டம், அதுல 2சி முடிஞ்சும் இடம் மிச்சம் இருக்கிற ஸ்கூல் மட்டும்தான் இருக்கும். வீட்டுக்கு எதிர்ல இருக்கிற ஸ்கூல் 2சி-லயே நிரம்பிட்டா அப்புறம் ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். துணைக் கட்டத்துலயும் கிடைக்கலைன்னா அமைச்சே இடம் இருக்கிற ஏதோ ஒரு ஸ்கூல்ல போடுவாங்க. பள்ளிக்கூடமே இல்லாமப் போகாது, கட்டாயக் கல்விச் சட்டம் இருக்கு, ஆனா எங்கங்கிறது நம்ம கைல இருக்காது.

அதனால பொங்கோல் அக்கா, அவசரப்படாம ரெண்டாவது நாள் ராத்திரி அமைச்சு தளத்துல வர்ற எண்ணிக்கையைப் பாருங்க. ரெண்டு ஸ்கூலுக்கும் இடம் எத்தனை, அதுவரைக்கும் வந்தது எத்தனைன்னு இருக்கும். கடைசி நாளும் நிறைய பேர் போடுவாங்க, அதையும் மனசுல வச்சுக்கோங்க. உங்க பக்கம் புது பிடிஓ (அரசாங்க வீடு) பிளாக் எல்லாம் ஆள் வந்தாச்சு, போன வருஷக் கணக்கை அப்படியே நம்பாதீங்க. எதிர் ஸ்கூலும் கிடைக்காமப் போனாலும் தாங்கிக்கிற மாதிரி மூணாவதா ஒரு ஸ்கூலையும் இப்பவே போய்ப் பார்த்து வச்சுக்கோங்க.

பொங்கோல்_அம்மா:
ரெண்டாம் நாள் ராத்திரி. பேர்போன ஸ்கூல்ல 44 இடம், இதுவரைக்கும் 49 பேர். எதிர் ஸ்கூல்ல இன்னும் இருபது இடத்துக்கு மேல இருக்கு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு ரெண்டு பேரும் பிளாக் கீழ்த்தள வாய்ட் டெக்ல உட்கார்ந்து பேசினோம், பொண்ணு தூங்கிட்டா. ஹமீது பாய் எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம் ஒரு தடவை போட்டுப் பார்த்துடலாம், இல்லைன்னா எனக்கு ஆயுசுக்கும் உறுத்தும்னார். நாளைக்கு மதியம் போடப் போறோம். வாசு சொன்ன மாதிரி மூணாவது ஸ்கூல் ஒண்ணையும் போய்ப் பார்த்தோம், நாலு ஸ்டாப் தள்ளி, தமிழ் ஆசிரியர் ரெண்டு பேர்னு ஆஃபீஸ்ல சொன்னாங்க.

கோமதி_பீஷான்:
நல்லபடியா நடக்கட்டும்மா. எது வந்தாலும் பொண்ணு முன்னாடி அழுதுடாதீங்க, நான் அழுதேன், பிள்ளை அதைத் தன் தப்புன்னு நினைச்சுக்கிச்சு.

பொங்கோல்_அம்மா:
எஸ்எம்எஸ் வந்துடுச்சு. கிடைக்கல. கடைசி நாள் நிறைய பேர் போட்டு மொத்தம் 70-ஐ தாண்டிடுச்சாம். நான் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன் கோமதி அக்கா, அவ பார்க்கல. அவருதான் ரொம்ப ஒடிஞ்சு போயிட்டார், என் பேச்சைக் கேட்டு எதிர்லயே போட்டிருக்கலாம்னு திரும்பத் திரும்ப சொல்றார். அந்த எதிர் ஸ்கூலும் இந்த வருஷம் 2சி-லயே நிரம்பிடுச்சு.

ஹமீது_ஈசூன்:
அவரைக் குத்தம் சொல்லாதீங்க தங்கச்சி, அவரும் தன்னைத்தானே சொல்லிக்க வேணாம். போட்டவங்கள்ல 26 பேருக்கு மேல வீட்ல இன்னைக்கு இதே நிலைமைதான். துணைக் கட்டத்துல அந்த நாலு ஸ்டாப் ஸ்கூலுக்குப் போடுங்க, ரெண்டு தமிழ் ஆசிரியர்ங்கிறது சின்ன விஷயம் இல்ல.

நித்யா_செங்காங்:
அக்கா, நான் போடச் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க. போட்டதே தப்புன்னு நான் நினைக்கல, ஆனா எதிர் ஸ்கூல் நிரம்பும்னு நான் யோசிக்கவே இல்ல. ரெண்டாவது குழந்தை இருந்தா, கல்வி அமைச்சு பாலர் பள்ளி ஏதாவது தொடக்கப்பள்ளி வளாகத்துக்குள்ளயே இருக்கான்னு இப்பவே பாருங்க, அங்க படிச்சா அந்த ஸ்கூலுக்கு 2ஏ-ல போகலாம், தமிழும் அங்கயே சொல்லிக் கொடுக்கிறாங்க.

பொங்கோல்_அம்மா:
மன்னிப்பெல்லாம் எதுக்கு நித்யா, முடிவு எடுத்தது நாங்க. சின்னவனுக்கு மூணு வயசு, அந்தப் பாலர் பள்ளி விஷயத்தைக் கண்டிப்பாப் பார்க்கிறேன்.

துணைக் கட்டத்துல நாலு ஸ்டாப் ஸ்கூல் கிடைச்சுடுச்சு, குலுக்கல் இல்லாமலே. நேத்து பொண்ணைக் கூட்டிட்டுப் போய் வெளியிலேருந்தே காட்டினோம். வேலி ஓரமா ஒரு பெரிய நாகலிங்க மரம், கீழ பூ கொட்டிக் கிடந்துச்சு, அவ ஒண்ணை எடுத்து முகர்ந்து பார்த்துட்டு அப்பா பாக்கெட்ல போட்டா. அவரு அதை எடுத்துப் போடல, வீட்டுக்கு வந்து டிவி பக்கத்துல வச்சிருக்கார்.

இப்ப ஒரே கவலை போக்குவரத்து. நான் 8 மணிக்கெல்லாம் வேலைக்குக் கிளம்பணும், பெரிய ரோடு, தனியா பப்ளிக் பஸ்ல விட முடியாது. ஸ்கூல் பஸ்ஸுக்கு எப்ப, யாருகிட்ட பேரு கொடுக்கணும்?

தெம்பனிஸ்_வாசு:
ஸ்கூல் ஆஃபீஸ்ல இப்பவே கேட்டு பஸ் நடத்துறவங்க நம்பரை வாங்கி வச்சுக்கோங்க, வருஷக் கடைசில ஓரியண்டேஷன் அன்னைக்கு ஹால் வாசல்ல யூனிஃபார்ம், புக்கு எல்லாம் விக்கிற இடத்துலயே அவங்களும் மேசை போட்டிருப்பாங்க. உங்க பிளாக் நம்பரைச் சொல்லி எத்தனை மணிக்கு ஏத்துவாங்கன்னு கேளுங்க, முதல் ஏத்தமா இருந்தா பிள்ளை 6 மணிக்கே கீழ நிக்க வேண்டியிருக்கும், கடைசி ஏத்தமா போட முடியுமான்னு கேட்டுப் பாருங்க, என் பையனுக்கு அப்படி மாத்திக் கொடுத்தாங்க.